குடும்ப ஆல்பமும் எழுதப்படாத பெயர்களும்



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதைக் கணினியில் எப்படித் தொகுப்பது, அதற்கு எந்த மென்பொருளைத் தெரிந்துகொள்வது என்றும் சொல்லப்போகிறேன். போதகருக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சில மாதங்களுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஆழிப்பேரலையில் தம் ஏழு வயது மகனை இழந்தவர் அவர். வீட்டோடு வீட்டிலிருந்த படங்களும் போயின. பல ஆண்டுகள் அவரிடம் அந்தப் பிள்ளையின் படம் ஒன்றுகூட இருக்கவில்லை. பின்பு ஒரு நாள், கடலூர் முதுநகரிலுள்ள நாத்தனார் வீட்டில் பழைய திருமண ஆல்பம் ஒன்றைப் புரட்டியபோது, பந்திப் படத்தின் ஓரத்தில், இலைக்கு முன்னால் அமர்ந்திருந்த தம் மகனைக் கண்டார். படம் எடுத்தவர் மாப்பிள்ளையின் மாமாவைத்தான் எடுத்திருந்தார். பிள்ளை தற்செயலாக அதில் விழுந்திருந்தான்.

அந்தப் படத்தை என் கைபேசிக்கு அனுப்பி, "ஐயா, இதைப் பெரிசாப் போட்டு, கீழே அவன் பேரை எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

எளிய வேலை என்று ஒப்புக்கொண்டேன். கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, படத்தை வைத்து, பெயரைத் தட்டச்சு செய்தேன். அந்தப் பெயரின் முதலெழுத்துக்குக் கொம்பும் காலும் உண்டு. செயலி கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. கால் தனியே ஒதுங்கி நின்றது. பிள்ளையின் பெயர் உடைந்து கிடந்தது. அந்தத் தாயாரிடம் அதை எப்படிக் கொடுப்பேன்? அன்றுதான் இந்தக் கலையைக் கற்கவேண்டும் என்று தீர்மானித்தேன். நம் ஓய்வுநாள் பாடசாலையில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் ஒரு மகள் எனக்கு ஆசிரியையானாள். அவளிடம் கற்றதும், நானாகத் தவறிக் கற்றதும்தான் இனி வருபவை.

நம்முடைய ஊர் தண்ணீரை அறிந்த ஊர். ஆழிப்பேரலையில் நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, கூரைகளையும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களையும் சாய்த்தது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் அரிசி வந்தது, பாய் வந்தது, தார்ப்பாய் வந்தது. அலுவலகத்துக்கு அலைந்து குடும்ப அட்டையைக்கூட மறுபடி வாங்கினோம். வாங்க முடியாமல் போனவை படங்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் நான் ஆறுதல் சொல்லப் போன வீடுகளில், ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாய்ப்போன ஆல்பங்களை முற்றத்து வெயிலில் காயவைத்திருந்ததைப் பார்த்தேன். அதுவும் தவறு என்று அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம், பொருள் புதிதன்று. படம், அழைப்பிதழ், கடிதம், பயணச்சீட்டு ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் ஒட்டி, அருகே குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் மேல்நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. எழுத்தாளர் மார்க் ட்வைன், தாளிலேயே பசை தடவிய ஸ்கிராப்புக் ஒன்றுக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். அதே வேலையைக் கணினித் திரையில், பசையும் கத்தரிக்கோலும் இல்லாமல் செய்வதுதான் டிஜிட்டல் ஸ்கிராப்புக். நம் திருமணங்களுக்கு ஸ்டுடியோக்காரர்கள் போட்டுத்தரும் கரிஷ்மா ஆல்பமும் இந்த வகைதான். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலத் தாளில் பத்துப் படங்களை அடுக்கி, பின்னால் ரோஜாவும் மேகமும் வைத்து அச்சிடுகிறார்கள். ஆனால் அந்த ஆல்பத்தில் ஒரு குறை உண்டு. மணமக்களின் பெயர் அட்டையில் பொன்னெழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் முந்நூறு பேரில் ஒருவருக்கும் பெயர் இராது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி மின்னுருவாக்கினார்கள். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் நாற்காலியில் அமர்ந்தும், திரைச்சீலைக்கு முன் நின்றும் எடுத்துக்கொண்ட அந்தப் படங்கள் ஆய்வுக்குரியவை என்று கண்டவர்களை நான் வாழ்த்துகிறேன். எனினும் ஸ்டுடியோவின் பெட்டியில் கிடைக்கும் படம் பெயரைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டுத் திண்ணையில்தான் இருப்பார்; அவரும் என்றைக்கும் இருக்கமாட்டார்.

ஆகையால் என் கருத்தை நேரே சொல்லிவிடுகிறேன். குடும்ப ஆல்பத்துக்கு மென்பொருள் தெரிந்துகொள்ளும்போது, அதில் எத்தனை பூக்கள், எத்தனை சட்டங்கள், எத்தனை மின்னும் பின்னணிகள் என்று பார்க்கவேண்டாம். மூன்று காரியங்களை மட்டும் சோதியுங்கள்.

முதலாவது, அது தமிழைச் சரியாக எழுதுகிறதா? கெடிலம், தேவனாம்பட்டினம், கொள்ளிடம் என்ற மூன்று பெயர்களை அதில் தட்டச்சு செய்து பாருங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கொம்போடு கால் ஆகிய மூன்றும் இவற்றில் வந்துவிடும். எழுத்துகள் இடம் மாறாமல் நின்றால் அந்த மென்பொருள் தேறியது. ஒன்று பிசகினாலும் விட்டுவிடுங்கள். டிடிபி கடையில் பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்துக் கொடுப்பதையும் ஏற்கவேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பாட்டியின் பெயர் ஆங்கில எழுத்துகளின் குவியலாய்த் தெரியும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. நோட்டோ, முக்த மலர், மீரா இனிமை என்று விலையில்லாத நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன.

இரண்டாவது, உள்ளே வைத்ததை வெளியே எடுக்க முடிகிறதா? இதை நான் அடிபட்டுக் கற்றேன். என் பெற்றோரின் படங்களை வைத்து ஒரு செயலியில் நாற்பது பக்கங்கள் செய்தேன். கைபேசி மாறியபோது, மாதச் சந்தா கட்டினால்தான் அவற்றைத் திறக்கலாம் என்றது. நாற்பது பக்கங்களும் போயின. மூலப் படங்கள் தனியே இருந்ததால் தப்பினேன். பெரிய நிறுவனங்களும் என்றைக்கும் ஒரே வழியில் இருப்பதில்லை. நம்மில் பலர் படங்களை அடுக்கப் பழகிய பிகாசாவுக்கான ஆதரவைக் கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்தியது. அளவில்லாமல் இலவசமாக இடம் தந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி என்று வரையறை வைத்தது. யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. பக்கம் ஒன்றை முடித்த அன்றே அதைப் பிடிஎஃப் ஆகவும் படக்கோப்பாகவும் சேமித்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன். அதற்கு இடங்கொடுக்காத மென்பொருள் எத்தனை அழகானதானாலும் வேண்டாம்.

மூன்றாவது, உங்கள் வீட்டில் இப்போதே யாருக்காவது அது தெரியுமா? புதிதாக ஒன்றைக் கற்றபின் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவதில்லை. ஞாயிறு ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டும் நம் வாலிபர்களுக்குப் பவர்பாயிண்ட் நன்றாகத் தெரியும். பக்க அளவைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் என்று மாற்றினால் அதுவே ஆல்பப் பக்கம். அமைப்புகளில் படங்களைச் சுருக்கவேண்டாம் என்ற குறியை மட்டும் இட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அச்சில் படம் மங்கிவிடும். காசு செலவழிக்க இயலாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் இலவசமாகவே அதே வேலையைச் செய்யும். புத்தகமாகவே அச்சிட விரும்புவோருக்கு ஸ்க்ரைபஸ் உண்டு, 1.6 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் தமிழை ஒழுங்காகக் கோக்கின்றன. கறைபட்ட படத்தைத் துடைக்கவும் மங்கிய நிறத்தை மீட்கவும் கிம்ப் உதவும். இவை மூன்றும் விலையற்றவை. கைபேசி மட்டும் உள்ளவர்கள் கேன்வாவைப் பயன்படுத்தலாம். அதற்கு இணையமும் கணக்கும் வேண்டும். திருத்தக்கூடிய பிரதி அவர்களிடமே இருக்கும், ஆகையால் பக்கத்தை இறக்கிவைக்க மறவாதிருங்கள். ஸ்டுடியோக்காரர்கள் கையாளும் போட்டோஷாப் சந்தா கட்டிப் பயன்படுத்தவேண்டியது. குடும்ப ஆல்பத்துக்கு அது அவசியமில்லை என்பது என் எண்ணம்.

செயல்முறையையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பழைய நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். இரட்டிப்பு அளவில் அச்சிட்டாலும் தெளிவாக இருக்கும். ஸ்கேனர் இல்லையென்றால், பகல் வெளிச்சம் விழும் நிழலில் படத்தைத் தரையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைபேசியில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். நனைந்த ஆல்பத்தைக் காயவிட்டுப் பிரிக்காதீர்கள். ஈரம் இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாகப் பிரித்து, முகம் மேலாக, நிழலில் துணியின்மேல் உலர்த்தவேண்டும். 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை தாக்கியபின் ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து இலட்சக்கணக்கான படங்களைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, உரியவர்களைத் தேடினார்கள். அந்தப் படங்களில் பெயரும் ஊரும் இருந்திருந்தால் அவர்கள் வேலை எத்தனை எளிதாயிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரியமானவர்களே, சிலர் என்னிடம் மறுப்பும் சொன்னார்கள். "எல்லாம் கைபேசியில்தான் இருக்கிறதே" என்றார் ஒருவர். இருக்கிறது, பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் தகப்பனார் படம் எது என்று உங்கள் பேரப்பிள்ளை கண்டுகொள்வானா? ஆல்பம் செய்வதென்றால் பதினோராயிரத்தில் நாற்பதைத் தெரிந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதுதான். அந்தத் தெரிவைச் செய்ய அன்பும் நேரமும் வேண்டும். மென்பொருள் அதை உங்களுக்காகச் செய்யாது.

"இது வீண்பெருமை ஆகாதா, ஐயா?" என்றார் இன்னொருவர். அவர் கேள்வியை நான் மதிக்கிறேன். நம்மை நாமே அலங்கரித்துக் காட்டுவதற்கானால் அது வீண்தான். ஆனால் யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியது எதற்காக? பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கேட்கவேண்டும், பெரியவர்கள் நடந்ததைச் சொல்லவேண்டும் என்பதற்காக. கல் தானாகப் பேசாது. படமும் அப்படியே. அருகில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் இல்லாத நாளுக்காக எழுத்து வேண்டும்.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பலர் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப்போகிறோம். அதில் பவுல் ரூப்பைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவனுடைய தாயையும், தமக்கும் தாயானவளென்று சொல்லி வாழ்த்துகிறார். ஆனால் அந்த அம்மாளின் பெயர் அங்கே இல்லை. பவுலுக்கும் அந்தச் சபைக்கும் அவளைத் தெரியும், எழுதத் தேவைப்படவில்லை. நமக்கோ அவள் என்றென்றைக்கும் ரூப்பின் தாய் மாத்திரமே.

நம் ஆல்பங்களில் இதுவே நடக்கிறது. "இது பெரியம்மா, இது சின்னத்தை, இது முதுநகர்ப் பாட்டி" என்கிறோம். பெரியம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். ஆண்களின் பெயராவது பட்டா, பத்திரம், பணி ஆணை என்று எங்கேனும் இருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற தாத்தாவின் அங்கிப் படத்தின் கீழே அவர் பெயரும் ஆண்டும் அச்சில் இருக்கும். அவரைப் படிக்கவைக்கக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொடுத்த அக்காளின் படத்தின் கீழே ஒன்றும் இராது. ஆகையால் உறவுமுறையோடு நிறுத்தாதீர்கள். பெயர், பிறந்த ஊர், படம் எடுத்த இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற நான்கையும் எழுதுங்கள். முடிந்தால் அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தை, அவர் பேச்சு நடையிலேயே, திருத்தாமல் சேர்த்துவிடுங்கள். நிச்சயமாகத் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். "1970-க்கு முன்" என்று எழுதினாலும் போதும்.

பூவும் சட்டமும் வேண்டவே வேண்டாமா என்று என் ஆசிரியை கேட்டாள். அவளுக்கு அவற்றில் ஆசை உண்டு, நன்றாகவும் செய்வாள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெயரை எழுதி முடித்தபின் எஞ்சிய இடத்தில் வைக்கட்டும்.

அந்தத் தாயாருக்கு நாங்கள் செய்த பக்கத்தைக் குறித்துச் சொல்லி முடிக்கிறேன். லிப்ரே ஆபிஸில் செய்தோம். பந்திப் படம் முழுவதையும் மேலே வைத்தோம். பிள்ளையின் முகத்தை மட்டும் வெட்டிக் கீழே பெரிதாக வைத்தோம். பெரிதாக்கியதில் முகம் சற்று மங்கலாகத்தான் வந்தது. செயற்கை அறிவால் அதைத் தெளிவாக்கலாம் என்றாள் மகள், செய்து பார்த்தோம். கண்ணும் மூக்கும் கூர்மையாக வந்தன, ஆனால் அது வேறொரு பிள்ளையின் முகமாக இருந்தது. அழித்துவிட்டு மங்கலையே வைத்தோம். கீழே பெயரைத் தட்டச்சு செய்தோம். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன.

அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அழுவார் என்று நினைத்தேன். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பளத்தை மொதல்ல தின்னுட்டு இன்னொண்ணு கேப்பான்" என்று சிரித்தார். அந்த வாக்கியத்தையும் சேர்த்து மறுபடி அச்சிட்டோம். இப்போது அந்தப் பக்கம் நான்கு வீடுகளில் இருக்கிறது: கிள்ளையில் ஒன்று, முதுநகரில் ஒன்று, சிதம்பரத்தில் அவர் தம்பியிடம் ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் தம்பி மகளிடம் ஒன்று. அவருடைய மகன் அவருக்குத் திரும்பக் கிடைத்தது அடுத்த வீட்டு ஆல்பத்திலிருந்துதானே. உங்கள் வீட்டுப் படங்களையும் ஒரே அலமாரியில் அடைத்துவைக்காமல் குறைந்தது மூன்று இடங்களில், அவற்றில் ஒன்று வெளியூரில், இருக்கும்படி செய்யுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் நம் ஆலய வளாகத்தில் இரண்டு கணினிகளும் ஒரு ஸ்கேனரும் இருக்கும், வாலிபர்கள் உதவுவார்கள். வீட்டுக்கு ஒரு படம் மட்டும் கொண்டுவாருங்கள். அந்தப் படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவரையும் கைப்பிடித்து அழைத்துவாருங்கள். நடக்க இயலாதவர் என்றால் எனக்குச் சொல்லுங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

நம்மை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிந்திருக்கிற ஆண்டவர், நம் வீட்டாரின் பெயர்களை நாம் மறவாதிருக்க நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.